மொட்டுக்கு ஒரு பைசா: காரமடை முல்லையின் வரவு செலவு

ஒரு கிலோ முல்லையில் எத்தனை மொட்டு இருக்கும்? பூ வெள்ளாமை செய்ய நினைக்கிறவர்கள் உரக் கணக்குக்கும் தண்ணீர்க் கணக்குக்கும் முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும். நன்றாகத் திரண்ட, இன்னும் விரியாத மொட்டு 100 எண்ணிச் சின்னத் தராசில் வைத்துப் பாருங்கள். ரகத்துக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி எடை கூடும், குறையும். இந்தக் கட்டுரை முழுக்க 100 மொட்டுக்கு 8 கிராம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கிலோவுக்கு 12,500 மொட்டு. அத்தனையையும் யாரோ ஒருவர் தனித்தனியாகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும்.

பழகிய கை நிமிடத்துக்கு 100 மொட்டு பறிக்கிறது என்று வைப்போம். ஒரு கிலோ சேர 125 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பறிக்கிறவருக்கு மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் கிலோவுக்கு 125 ரூபாய். வகுத்துப் பார்த்தால் மொட்டுக்குச் சரியாக ஒரு பைசா. முல்லையில் யார் ஜெயிப்பது, யார் கைவிடுவது என்பதை அந்த ஒரு பைசாதான் முடிவு செய்கிறது என்பது என் துணிபு. மற்ற எண்களெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

கணக்குக்குள் போகும் முன் ஒரு வார்த்தை. இடைவெளி, எரு, உரம், கவாத்து, மகசூல் ஆகிய அளவுகள் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள். மொட்டின் எடை, பறிக்கும் வேகம், கூலி, சந்தை விலை, நாற்று விலை போன்றவை கணக்குப் போடுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் அந்தந்த இடத்தில் போட்டு விடையை மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

முல்லை இந்த மண்ணுக்கே உரிய செடி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது. கோவை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்வது ஏறக்குறைய 700 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மிச்ச மாதங்களில் கிணறும் போரும்தான் கதி. நீலகிரியின் அடிவாரத்தில் இருந்தும் காரமடைத் தோட்டங்களில் பெரும்பாலானவை பவானித் தண்ணீரை நம்பி நடப்பவை அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் வேர்பிடித்த முல்லை சில வாரம் தண்ணீர் இல்லாமல் இருந்தாலும் பட்டுப்போகாது. பூ குறையும், செடி நிற்கும். தண்ணீர் தேங்கினால்தான் இதற்கு ஆகாது. வடிகால் இல்லாத களிமண்ணில் இலை மஞ்சளாகி, வேர் அழுகத் தொடங்கும்.

வீட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது எளியது. பல்கலைக்கழகம் சொல்லும் மகசூல் ஹெக்டேருக்கு 10,000 கிலோ. 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4,400 செடி நிற்கும். செடிக்கு ஆண்டுக்கு 2.27 கிலோ ஆகிறது. நன்றாகப் பண்டுதம் பார்த்த வயலின் கணக்கு அது. நான் அதில் பத்தில் ஆறு பங்கு அளவை, செடிக்கு 1.39 கிலோவை, எடுத்துக்கொள்கிறேன். அதுவே 17,000 மொட்டுக்கு மேல். நெருக்கமாகக் கட்டிய ஒரு முழத்துக்கு 200 மொட்டு என்றால், ஒரே செடியிலிருந்து ஆண்டுக்கு 87 முழம் பூ. பூக்கும் நாள் 200 என்று கொண்டால் தினம் அரை முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பூ வைத்துக்கொள்பவர் ஒருவருக்கு 3 செடி என்று வேலியோரம் வைத்தால், பருவத்தில் நாளொன்றுக்கு ஒரு முழத்துக்குக் குறையாமல் கிடைக்கும். சாமி படத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

அந்த மூன்று செடிக்கான செலவு: நாற்று ஒன்று 12 ரூபாய் வீதம் 36 ரூபாய், ஒருமுறை. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் என்று மூன்று குழி. குழிக்கு 10 கிலோ மக்கிய குப்பை எரு. செடிக்கு ஆண்டுக்குப் பரிந்துரைத்த சத்து தழை 60 கிராம், மணி 120 கிராம், சாம்பல் 120 கிராம். கடையில் வாங்கும் உரமாக மாற்றினால் டி.ஏ.பி. 260 கிராம், யூரியா 28 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதில் பாதியைத் தை மாதக் கவாத்து முடிந்ததும், மறு பாதியை ஆனி, ஆடியிலும் வைக்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய், பொட்டாஷ் மூட்டை 1,600 ரூபாய் என்று கொண்டால் செடிக்கு 13 ரூபாய் 60 காசுதான் வருகிறது. எருவுக்கு 12 ரூபாய் சேர்த்தால் வருடத்துக்கு ஒரு செடிக்கு 26 ரூபாய்க்குள் அடங்கிவிடும். முழம் 20 ரூபாய் என்றே வைத்தாலும் அந்தச் செடி தருகிற பூ 1,740 ரூபாய் பெறும்.

26 ரூபாய் போட்டு 1,740 ரூபாய் எடுக்கிற இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் ஏக்கர் கணக்கில் முல்லை வைக்கக் கிளம்புகிறார்கள். வீட்டில் மூன்று செடியைப் பறிக்கிற கைக்கும் கட்டுகிற கைக்கும் யாரும் கூலி எழுதுவதில்லை. ஏக்கருக்குப் போனதும் அந்தக் கூலிதான் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு ஏக்கர் என்றால் 4,047 சதுர மீட்டர். 1,800 செடி. நாற்றுக்கு 21,600 ரூபாய். குழி எடுத்து நட்டு மூட, குழிக்கு 15 ரூபாய் வீதம் 27,000. உழவுக்கு 6,000. சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் தமிழ்நாட்டில் இருப்பதால், சிறு விவசாயியின் கணக்கில் அதை எழுதாமல் விடுகிறேன். ஆக முதலீடு 54,600. செடி 10 ஆண்டு பலன் தரும் என்று பிரித்துப் போட்டால் ஆண்டுக்கு 5,500 ரூபாய். இது பெரிய தொகையே அல்ல.

தண்ணீர். செடிக்கு நாளுக்கு 8 லிட்டர் என்று சொட்டுநீரில் விட்டால் ஏக்கருக்கு 14,400 லிட்டர். மழையில்லாத 200 நாளுக்கு 28 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். ஒரு மி.மீ. மழை ஒரு ஏக்கரில் கொட்டுவது 4,047 லிட்டர் என்பதால், நாம் கிணற்றிலிருந்து இறைப்பது 712 மி.மீ. மழைக்குச் சமம். அதாவது வானம் ஒரு வருடம் முழுக்கக் கொடுப்பதை நாம் இன்னொரு முறை நிலத்தடியிலிருந்து எடுக்கிறோம். இவ்வளவு தண்ணீர் இறைத்தும், விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், நோட்டில் மின்சாரத்துக்கு நேரே பூஜ்யம்தான் விழுகிறது. அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்துத் திரண்டதும், 1972-இல் மாட்டுவண்டிகளைக் கோவை நகரச் சாலைகளில் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்தக் கொங்கு மண்ணில்தான். யூனிட்டுக்குச் சில பைசா என்ற உயர்வை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. பைசாவைக் கணக்குப் பார்ப்பது சிறுமை என்று இந்தப் பக்கத்து விவசாயி எப்போதும் நினைத்ததில்லை. அதை நான் மதிக்கிறேன்.

எருவும் உரமும் ஏக்கருக்கு எவ்வளவு? குழிக்கு 10 கிலோ வீதம் 18 டன் குப்பை. லோடுக்கு 3 டன் என்றால் 6 லோடு. லோடு 3,500 ரூபாய் வீதம் 21,000. டி.ஏ.பி. ஒன்பதரை மூட்டை, பொட்டாஷ் ஏழேகால் மூட்டை, யூரியா ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கூட. எல்லாம் 24,500 ரூபாய். கோவை மாவட்டத்தில் சுண்ணாம்புக் கல் கலந்த மண் பல இடங்களில் உண்டு. அங்கே இளம் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். 10 லிட்டர் டேங்குக்கு இரும்பு சல்பேட் 50 கிராம், துத்தநாக சல்பேட் 25 கிராம், மெக்னீசியம் சல்பேட் 50 கிராம் கரைத்துத் தெளித்தால் தெளியும். இதற்கெல்லாம் போய்க் கேட்க இடம் காரமடையிலேயே இருக்கிறது. விவேகானந்தபுரத்தில் அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது.

நோயும் பூச்சியும் முல்லைக்கு அதிகமில்லை என்று சொல்வதில் பாதிதான் உண்மை. இதற்கென்று ஒரு சிலந்திப்பேன் இருக்கிறது. இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் ரோமம் வளர்ந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்க வேண்டும். பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லை ரகம் இந்தப் பேனைத் தாங்கும். ஆனால் மகசூல் ஹெக்டேருக்கு 7.8 டன்தான். கோ 1 முல்லை 8.8 டன். கோ 2 முல்லை 11 டன்னைத் தாண்டும். எந்த ரகத்தை எடுப்பது என்பதில் பெரும்பாலோர் டன்னைப் பார்க்கிறார்கள். நானாக இருந்தால் மொட்டின் பருமனைத்தான் பார்ப்பேன். 100 மொட்டு 8 கிராமுக்குப் பதில் 9 கிராம் வந்தால், கிலோவுக்கு 11,111 மொட்டுப் பறித்தால் போதும். கிலோவுக்கு 14 ரூபாய் கூலி மிச்சம். நீண்ட காம்புள்ள பெரிய மொட்டுக்கு இருக்கும் மதிப்பு இதுதான்.

தெளிப்புக்கு 15,000, களையெடுக்க 18,000, கவாத்துக்கு 24,000 என்று சேர்த்துக்கொண்டால், பறிப்பு நீங்கலாக ஏக்கருக்கு ஆண்டுச் செலவு, முதலீட்டுப் பங்கையும் சேர்த்து, 1,08,000 ரூபாய்.

இனிப் பறிப்பு. செடிக்கு 1.39 கிலோ வீதம் ஏக்கருக்கு 2,500 கிலோ பூ. கிலோவுக்கு 125 ரூபாய் வீதம் 3,12,500 ரூபாய். மொத்தச் செலவு 4,20,500. நூறு ரூபாய் செலவில் 74 ரூபாய் விரல்களுக்குப் போகிறது. உரத்துக்குப் போவது ஆறு ரூபாய் கூட இல்லை. ஆனால் தோட்டத்துச் சாளையில் நாலு பேர் கூடினால் பேச்சு எதைப் பற்றி? உர விலை, மருந்து விலை. உரத்தை முழுவதுமாக நிறுத்தினாலும் மிச்சமாவது 24,500. அதே நேரத்தில், பறிக்கிறவரின் வேகம் நிமிடத்துக்கு 100 மொட்டிலிருந்து 110 ஆனால் மிச்சமாவது 28,400. உரத்தை நிறுத்தினால் பூவும் போகும். வேகம் கூடினால் எதுவும் போகாது, கிலோ கணக்கில் கூலி பேசியிருந்தால் அந்தப் பலன் பறிக்கிறவருக்குப் போகும்.

வேகம் எப்படிக் கூடும்? ஆளை விரட்டி அல்ல. தை மாத நடுவில், அதாவது ஜனவரி இறுதி வாரத்தில், தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும் என்பது பரிந்துரை. புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும் என்பது அதன் முதல் காரணம். முல்லை படரும் குணமுள்ள செடி, விட்டால் புதராகப் பின்னிக்கொள்ளும். வெட்டிய செடி இடுப்பளவில் குடைபோல் விரியும், குனியாமல் எட்டாமல் இரண்டு கையாலும் பறிக்கலாம் என்பது இரண்டாவது காரணம். கணக்கில் எனக்கு இரண்டாவதுதான் பெரியது. வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்க வழி விடாமல் செடியை நெருக்கியவர்கள், ஒவ்வொரு காலையும் அந்த நெருக்கத்துக்குக் கூலி கொடுக்கிறார்கள். களையில்லாத தரையும் அப்படித்தான். பாம்புக்குப் பயந்து பயந்து கால் வைக்கிற கூலிக்காரம்மாவின் கை வேகமாக ஓடாது.

மொட்டு பொழுது சாயும்போது விரியத் தொடங்கிவிடும். ஆகவே அதிகாலையில் பறித்து, வெயில் ஏறும் முன் சந்தைக்கோ வண்டிக்கோ சேர்த்துவிட வேண்டும். பறிக்கக் கிடைப்பது நல்ல நேரம் மூன்று மணி. 2,500 கிலோவை 200 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 12.5 கிலோ, அதற்கு 26 மணி நேர வேலை, ஒன்பது ஆள். செடி சராசரியாகப் பூப்பதில்லை. உச்ச நாளில் மூன்று மடங்கு பூத்தால் 26 ஆள். மில் வண்டியும் கம்பெனி வேனும் விடிவதற்குள் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற காரமடைப் பக்கத்தில், மூன்று மணி நேர வேலைக்கு 26 பேரை எங்கே தேடுவது? வருகிறவர்களுக்கும் அரைநாள் கூலி கொடுத்தால்தான் கட்டும். அப்போது மொட்டுக்கு ஒரு பைசா என்பது ஒன்றரைப் பைசா ஆகிவிடும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. பிரான்சின் கிராஸ் நகரம் வாசனைத் திரவியங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே வளர்த்த மல்லிகை, நாம் ஜாதிமல்லி, பிச்சி என்று சொல்லும் அதே இனம். கிலோவுக்கு 8,000 முதல் 10,000 பூ. பறிக்கும் கூலி ஏற ஏறத் தோட்டங்கள் சுருங்கி, உலகத்துக்கு வேண்டிய மல்லிகைச் சாறு இப்போது பெரும்பாலும் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும்தான் போகிறது. முல்லையிலிருந்தும் மெழுகுபோன்ற வாசனைச் சாறு எடுக்கலாம். அது பூவின் எடையில் 0.28 முதல் 0.36 விழுக்காடு. ஹெக்டேரின் 10,000 கிலோ பூவிலிருந்து 28 முதல் 36 கிலோ வரை. ஒரு கிலோ சாறுக்கு 350 கிலோ பூ வரை, அதாவது ஏறத்தாழ 44 லட்சம் மொட்டு வரை வேண்டும். ஒரு சின்னப் புட்டிக்குப் பின்னால் எத்தனை பெண்களின் விடியற்காலைகள் இருக்கின்றன என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

வரவுப் பக்கம் வருவோம். பூ விலையைப்போல் ஆடுகிற விலை வேறெதற்கும் இல்லை. சத்தியமங்கலத்திலும் கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டிலும், பனிக்காலத்து முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும். பூப் பெருகும் மாதங்களில் நூற்றுச் சில்லறைக்கும் கேட்க ஆள் இருக்காது. ஆயிரத்தையும் நூற்றைம்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி 575 ரூபாய் என்று சொல்லிவிடுவார்கள். விலை ஏறும்போது செடியில் பூ இருப்பதில்லை என்பதால்தான் விலையே ஏறுகிறது. பூவில் பத்தில் ஒன்பது பங்கு 150 ரூபாய்க்கும், ஒரு பங்கு 1,000 ரூபாய்க்கும் போனால், உண்மைச் சராசரி 235 ரூபாய்தான்.

அதை வைத்து ஏக்கரைப் பார்ப்போம். 2,250 கிலோ 150 ரூபாய்க்கு, 250 கிலோ 1,000 ரூபாய்க்கு. மொத்தம் 5,87,500. பத்து விழுக்காடு கமிஷன் போகக் கைக்கு 5,28,750. செலவு 4,20,500 கழித்தால் மிச்சம் 1,08,250. பரவாயில்லை என்று தோன்றும். இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மலிவு நாளில் கிலோ 150-க்குக் கமிஷன் போக 135, பறிப்புக்கு 125, மிச்சம் 10 ரூபாய். 2,250 கிலோவுக்கு 22,500 ரூபாய். விலை ஏறிய நாட்களின் 250 கிலோவில் கிலோவுக்கு 775 ரூபாய் மிச்சம், மொத்தம் 1,93,750. அந்த 250 கிலோதான் மொத்த வருடத்தையும் தூக்கி நிறுத்துகிறது. அந்தச் சில நாளில் மழை மூடினாலோ, செடியில் பேன் விழுந்தாலோ, ஆள் வராமல் போனாலோ, வருட முடிவில் கையைவிட்டுப் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு எண்ணையும் சாளைச் சுவரில் எழுதி வைக்கலாம்: 139. சந்தையில் கிலோ 139 ரூபாய்க்குக் கீழே போனால், கமிஷன் போகக் கிடைப்பது பறிப்புக் கூலிக்கே காணாது. அன்றைக்குக் கூலியாள் வைத்துப் பறிப்பது, கையிலிருக்கும் பணத்தைப் பூவோடு சேர்த்து வண்டியேற்றி அனுப்புவது ஆகும். குண்டுமல்லிக்காரர்கள் அதே விலையில் பறிப்பார்கள், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. குண்டுமல்லி மொட்டு எடை கூடியது. 100 மொட்டு 20 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 5,000 மொட்டு, பறிப்பு 50 ரூபாய்தான். அவர்களுடைய எல்லைக்கோடு 56 ரூபாய். கிலோ விலை ஒன்றாக இருந்தாலும் இரண்டு தோட்டக்காரரும் ஒரே நிலையில் இல்லை.

காரமடைக்காரருக்கு ஒரு தனி வருத்தமும் உண்டு. மாசியில் அரங்கநாதர் கோவில் தேர். ஊர் முழுக்கப் பூ கேட்கிற நாட்கள் அவை. ஜனவரிக் கடைசியில் வெட்டிய முல்லை அப்போதுதான் துளிர் விட்டிருக்கும். உள்ளூர்த் தேருக்கு உள்ளூர் முல்லை பெரும்பாலும் கிடைக்காது. எல்லாச் செடியையும் ஒரே வாரத்தில் வெட்டாமல், மூன்று பங்காக இரண்டு வார இடைவெளியில் வெட்டுவது நல்லது என்பது என் கருத்து. தேருக்குப் பூ கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உச்சம் மூன்றாகப் பிரியும், ஒரே காலையில் 26 ஆளுக்கு அலைய வேண்டியதில்லை. அந்த ஒரு காரணமே போதும்.

அப்படியானால் எவ்வளவு முல்லை வைக்கலாம்? நிலத்தின் அளவிலிருந்து தொடங்காமல் வீட்டிலுள்ள கையின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கிப் பார்க்கிறேன். வீட்டில் மூன்று பேர், காலையில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பறிக்க முடியும். ஆறு மணி நேரத்தில் ஏறத்தாழ 3 கிலோ. அது உச்ச நாளின் அளவாக இருக்க வேண்டும். உச்சம் சராசரியின் மூன்று மடங்கு என்றால் சராசரி நாளில் ஒரு கிலோ, 200 நாளில் 200 கிலோ. செடிக்கு 1.39 கிலோ வீதம் 144 செடி. செடிக்கு 2.25 சதுர மீட்டர் வீதம் 324 சதுர மீட்டர். எட்டு சென்ட். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்குப் பொருத்தமான முல்லைத் தோட்டம் எட்டு சென்ட்தான்.

அந்த எட்டு சென்ட்டின் ஆண்டுக் கணக்கு இது:

முதலீட்டில் ஓர் ஆண்டுப் பங்கு, உழவு நீங்கலாக: 390 ரூபாய்
ரசாயன உரம்: 1,958
குப்பை எரு, அரை லோடு: 1,680
கவாத்து: 1,920
களை: 1,440
தெளிப்பு: 1,200
ஆகச் செலவு: 8,588

வரவு 200 கிலோ, சராசரி 235 ரூபாய் வீதம் 47,000. கமிஷன் போக 42,300. செலவு கழித்து 33,712 ரூபாய். பறிக்க ஆகும் நேரம் வருடத்துக்கு 417 மணி. மணிக்கு 81 ரூபாய் விழுகிறது. அடுத்த தோட்டத்துக்குப் போய்ப் பறித்தால் கிடைப்பது 60. கவாத்துக்கும் களைக்கும் வீட்டார் இறங்கினால் இன்னும் 3,360 ரூபாய் வீட்டிலேயே தங்கும். இங்கே 139 என்கிற எல்லைக்கோடும் தளர்ந்துவிடுகிறது. விலை 120-க்கு வந்தாலும் கையிலிருந்து பணம் போவதில்லை, அன்றைய உழைப்புக்கு வரும்படி குறைகிறது, அவ்வளவுதான்.

பறிப்போடு நிற்காமல் கட்டவும் தெரிந்த வீடாக இருந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிறது. ஒரு கிலோவில் 62 முழம் கட்டலாம். 200 கிலோவில் 50 கிலோவை மட்டும் வீட்டிலேயே கட்டினால் 3,125 முழம், நாளுக்கு 15 அல்லது 16 முழம். பக்கத்துத் தெருக்களும் ஒரு பூக்கடையும் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவு. முழம் 20 ரூபாய்க்குக் கொடுத்தால் 62,500. அதே 50 கிலோ மொட்டாகச் சந்தைக்குப் போயிருந்தால் 10,575 ரூபாய்தான் வந்திருக்கும். ஒரு முழம் கட்ட எட்டு நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 417 மணி நேரம், மணிக்கு 125 ரூபாய். நாருக்குச் செலவில்லை. சிறுமுகை, மேட்டுப்பாளையம் வரை வாழைத் தோட்டங்கள் இருக்கிற ஊர் இது. கட்டுகிற வேலையை வயதான கைகளும் செய்யும், வெயிலில் நிற்க வேண்டாம். இதை வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி, வரவு நோட்டில் எழுதாமல் விடுவது பெரிய அநியாயம். பூ வெள்ளாமையில் கிடைக்கிற பணத்தில் பெரும்பகுதி அவர்களுடைய விரலில் விளைகிறது. அந்தத் தொகை அவர்களுடைய பெயரில் எழுதப்பட வேண்டும், அவர்கள் கையில் சேர வேண்டும்.

நட வேண்டிய காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. முதல் வருடப் பூ மேலே சொன்ன அளவுக்கு வராது. எட்டு சென்ட் இருந்தாலும் 72 செடியோடு தொடங்கி, மற்ற நாலு சென்ட்டில் கீரையோ செண்டுமல்லியோ போட்டுக்கொள்ளலாம். ஒரு சின்ன நோட்டில் மூன்றே பத்தி போதும்: அன்று பறித்த கிலோ, பறிக்க ஆன நேரம், விற்ற விலை. இரண்டாம் வருட உச்ச மாதத்தில் ஏழரை மணிக்குள் பறிப்பு முடிகிறதா என்று அந்த நோட்டே சொல்லிவிடும். முடிகிறது என்றால், இருக்கிற செடிகளின் தாழ்ந்த கிளைகளை மண்ணில் பதியன் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும். சென்ட்டுக்கு 18 பதியன் வேண்டும், நாற்றுக் காசு 216 ரூபாய் மிச்சம். முடியவில்லை என்றால், அந்த வருடம் ஒரு செடியும் கூட்ட வேண்டாம்.